நெல் வயல் வழியே இத்தாலி ரயில்

இத்தாலிக்குப் போகிறவர்கள் ரோம், வெனிஸ் பார்த்துத் திரும்பிவிடுகிறார்கள். விவசாயக் குடும்பம் பார்க்க வேண்டிய இத்தாலி வடக்கே இருக்கிறது. மிலான், நோவாரா, வெர்செல்லி, கிவாஸ்ஸோ, டூரின் ஆகிய ஐந்து ஊர்களும் ஒரே ரயில் பாதையில் வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் நெல்லில் ஏறத்தாழ பாதி இத்தாலியில் விளைகிறது. அதன் மையம் இந்தப் பகுதிதான்.

விதைப்பு ஏப்ரல், மே. அறுவடை செப்டம்பர், அக்டோபர். ஜூனில் போனால் தண்ணீர் நிற்கும் வயல்களை ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். ஆகஸ்ட் 15 விடுமுறையையொட்டிப் பல கடைகள் மூடியிருக்கும்.

பெரும்பாலான அதிவேக ரயில்கள் வெர்செல்லியில் நிற்பதில்லை. 'ரெஜியோனாலே' எனும் சாதாரண ரயிலே வசதி, முன்பதிவு வேண்டாம். காகித டிக்கெட் வாங்கினால், ஏறும் முன் நிலைய இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். மறந்தால் அபராதம்.

கிவாஸ்ஸோவில் அவசியம் இறங்க வேண்டும். போ நதியிலிருந்து காவூர் கால்வாய் பிரியும் இடம் அது. 1866-ல் கட்டி முடிக்கப்பட்ட இந்தக் கால்வாய் 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. வெர்செல்லி பகுதி விவசாயிகளின் பாசன சங்கம் அதற்கும் முந்தியது, 1853-ல் தொடங்கியது.

2022 வறட்சியில் போ நதி வற்றி, பல வயல்கள் காய்ந்தன. தண்ணீர் நிறுத்தி விதைத்த பலர் புழுதி விதைப்புக்கு மாறியதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஏப்ரலில் நிலத்தடியில் ஊறும் நீர் குறைகிறது. ஜூனில் நெல்லும் மக்காச்சோளமும் ஒரே சமயத்தில் தண்ணீர் கேட்கின்றன. தனி வயலில் மிச்சமாகும் தண்ணீர், ஆயக்கட்டு முழுவதற்கும் மிச்சமாகிவிடாது. தலைமதகைப் பார்க்க அரை நாள் ஒதுக்கினால் இது நேரிலேயே விளங்கும்.