எட்டு டிராக்கும் ஒரு ஹார்மோனியமும்

மாமாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு அவசரம் வந்தது. மேலூர்ப் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்பெஷல் நாடகத்துக்கு ஹார்மோனியம் வாசித்தவர். ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தால் விடிகிற வரை பெடலை மிதித்துக்கொண்டே வாசிப்பார், கூடவே பாடுவார். அந்த மனுஷர் போன பொங்கலுக்கு எங்கள் வீட்டு மாடிப்படி ஏறி வந்து, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவர் வாசிப்பு என்று குடும்பத்தில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு கேசட். அதிலும் பூஞ்சை.

முதலில் போனில் எடுத்துப் பார்த்தேன். போனில் மெதுவான சத்தம் தானாகத் தூக்கப்படுகிறது, பெரிய சத்தம் அமுக்கப்படுகிறது. பேச்சுக்கு அது சௌகரியம். மாமா மூச்சை இழுக்கிற சத்தமும் உச்சத்தில் நிற்கிற சத்தமும் ஒரே அளவில் கேட்டபோது, இது சரிப்படாது என்று தெரிந்துவிட்டது. லேப்டாப்பில் அதன் காற்றாடி இரைகிறது. போதாததற்கு, எதிரில் திரை ஒளிர்ந்தால் மாமா பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி விறைத்துப்போகிறார். கடைசியில் கையடக்க மல்டிடிராக் ரெக்கார்டர் ஒன்றை வாங்குவதென்று முடிவு செய்தேன்.

இந்த வகைக் கருவியின் கதை எனக்குப் பிடிக்கும். 1979இல் டாஸ்கம் நிறுவனம் போர்ட்டாஸ்டுடியோ 144 என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. சாதாரண கேசட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டாக மொத்தம் நான்கு தடங்கள் உண்டு. அந்தப் பெட்டி நான்கையும் ஒரே திசையில் பயன்படுத்தியது. டேப்பையும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டியது. அறுபது நிமிஷக் கேசட்டில் கால்மணி நேரம்தான் பதியும். ஆனால் ஸ்டுடியோவுக்குப் போகாமல், முதலில் கிடார், அதைக் கேட்டுக்கொண்டே குரல், அதன்மேல் இன்னொன்று என்று ஒரே ஆள் வீட்டிலேயே அடுக்கிக்கொண்டு போகலாம். 1982 ஜனவரியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூஜெர்சியில் தன் வீட்டறையில் உட்கார்ந்து அப்படித்தான் பாட்டுகளைப் பதிந்தார். தன் குழுவுக்குக் காட்டுவதற்கான மாதிரி அது. பிறகு குழுவோடு வாசித்துப் பார்த்தும் அந்த உயிர் வரவில்லை. கேசட்டில் இருந்ததே 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக வந்தது.

இந்தக் கதையைப் படித்துவிட்டு வாங்கப் போனதுதான் நான் செய்த தப்பு. அது தனி ஆளின் கதை என்பது எனக்கு உறைக்கவில்லை.

வாங்கும்போது இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். எத்தனை டிராக் என்பது ஒன்று, ஒரே சமயத்தில் எத்தனையைப் பதியலாம் என்பது இன்னொன்று. ஜூம் ஆர்8, டாஸ்கம் டிபி-008இஎக்ஸ் இரண்டும் எட்டு டிராக் கருவிகள். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டைத்தான் பதியும். ஜூம் ஆர்16இல் பதினாறு டிராக், ஒரே நேரத்தில் எட்டு. மூன்றும் பேனா பேட்டரியில் ஓடும், மெமரி கார்டில் பதியும், மூன்றிலும் உள்ளேயே மைக் இருக்கிறது. சிடி தரத்தில் ஒரு டிராக்குக்கு நிமிஷத்துக்கு ஐந்து எம்பி சொச்சம்தான், ஆகவே கார்டில் இடம் பற்றிய கவலை இல்லை. நான் எட்டு டிராக், இரண்டு இன்புட் உள்ள ஒன்றை செகண்ட் ஹாண்டில் வாங்கினேன். ஒவ்வொன்றாகத்தானே பதியப்போகிறோம், எட்டு இன்புட் எதற்கு என்று நினைத்தேன்.

முதல் நாள். திட்டம் எளிது: ஹார்மோனியம் ஒரு டிராக், குரல் அடுத்த டிராக், மிருதங்கம் பிறகு. காதில் ஹெட்போனை மாட்டி, தாளத்துக்குக் கிளிக் சத்தம் போட்டேன். ஒரு நிமிஷத்தில் கழற்றிவிட்டார்.

"யார்ரா மாப்ள இவன், டிக் டிக்குன்னு? பாட்டுக்காரன் நின்னா இவன் நிப்பானா?"

சரி, கிளிக் வேண்டாம், ஹார்மோனியம் மட்டும் வாசிங்க மாமா என்றேன். வாசித்தார். நடுநடுவே தடுமாறினார். குரல் எங்கே நிற்கும் என்று தெரியாமல் விரல் எங்கே காத்திருக்கும்? அவரால் அதைப் பிரிக்க முடியவில்லை. ஆக, ஒரு மைக் குரலுக்கு, ஒரு மைக் ஹார்மோனியத்துக்கு என்று வைத்து இரண்டையும் சேர்த்தே எடுத்தேன். பெடல் கிறீச்சிட்டது, தேங்காய் எண்ணெய் விட்டோம். அதுவரை நன்றாகத்தான் இருந்தது.

"மிருதங்கக்காரர் ஞாயித்துக்கிழமை வந்து, இதக் கேட்டுக்கிட்டே வாசிச்சுடுவார் மாமா."

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். "நான் வாசிச்சதுக்கு அவன் வாசிப்பான். சரி. அவன் வாசிக்கிறதுக்கு நான் எப்ப வாசிக்கிறது?"

என்னிடம் பதில் இல்லை.

ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர். தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். சில சமயம் மேடையில்தான் முதல்முறை சந்திப்பார்கள். 'வள்ளி திருமணம்' கதை எல்லாருக்கும் தெரியும், ஆனால் இன்று யார் எந்தப் பாட்டை எங்கே நீட்டுவார் என்று யாருக்கும் தெரியாது. ஹார்மோனியக்காரர் நடிகரின் முகத்தையும் மிருதங்கக்காரரின் கையையும் பார்த்துக்கொண்டேதான் வாசிக்கிறார். மாமா வாழ்நாள் முழுக்கச் செய்தது அந்தப் பார்ப்பதைத்தான். நான் அவரைச் சுவரைப் பார்க்க உட்காரவைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மிருதங்கக்காரர் வந்தார். குரல், ஹார்மோனியம், மிருதங்கம் மூன்றுக்கு இன்புட் இரண்டு. இரண்டு மைக்கையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டு, கருவியிலேயே இருந்த ஸ்டீரியோ மைக்கை நம்பினேன். முக்காலிமேல் கருவி, எதிரே மாமா, ஆறடி தள்ளி மிருதங்கம். சத்தத்தைக் குமிழால் சரிசெய்யவில்லை. ஆட்களை நகர்த்தித்தான் சரிசெய்தோம். மிருதங்கக்காரரை நாலு தடவை பின்னுக்குத் தள்ளியதில் பாவம், அவர் கிட்டத்தட்ட அடுப்படிக்கே போய்விட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடிந்தது.

ஒரு காலத்தில் நாலு கட்டையில் பாடியவர் இப்போது இரண்டில் பாடினார். பதினோரு நிமிஷம். ஒரு இடத்தில் மாமா வேண்டுமென்றே நிறுத்த, மிருதங்கமும் அந்த நொடியிலேயே நின்றது. இரண்டு பேரும் சிரித்தது பதிவில் கேட்கிறது.

மேல் ஸ்தாயியில் ஒரு வரியில் அவர் குரல் உடைந்தது. கேட்டுவிட்டு, "அந்த ஒரு இடத்த மட்டும் மாத்த முடியுமா மாப்ள?" என்றார்.

தனித்தனி டிராக்கில் எடுத்திருந்தால் முடியும். அந்த வரியை மட்டும் திரும்பப் பாடி ஒட்டிவிடலாம். இதில் அவர் குரல் மிருதங்கத்தோடு கலந்து கிடக்கிறது. ஆர்16 வாங்கியிருந்தாலும் ஒரே அறை என்பதால் ஒருவர் சத்தம் அடுத்தவர் மைக்கில் விழத்தான் செய்யும். சேர்ந்து வாசித்தால் திருத்த முடியாது, திருத்த வேண்டுமென்றால் சேர்ந்து வாசிக்க முடியாது. முடியாது மாமா என்றேன்.

"நாடகத்துலயும் அப்படித்தான்" என்றார். பிறகு, "இன்னொரு தடவை எடுப்போம்" என்று பெடலில் காலை வைத்தார். இரண்டு வரிக்குமேல் போகவில்லை. மார்பைப் பிடித்துக்கொண்டார். அத்தை வெந்நீர் கொண்டுவந்தாள்.

எந்த ரெக்கார்டர் வாங்கலாம் என்று நண்பர்கள் இப்போது என்னிடம் கேட்கிறார்கள். எத்தனை டிராக் என்று நான் பேச்சை ஆரம்பிப்பதில்லை. உங்கள் பாட்டில் யார் யாரைப் பார்த்து வாசிக்கிறார்கள் என்று கேட்கிறேன். தனி ஆள் என்றால் இரண்டு இன்புட் தாராளம். குழு என்றால் ஒரே நேரத்தில் எத்தனை பதியும் என்பதைப் பார்த்து வாங்குங்கள். அதற்குப் பணம் இல்லையென்றால் ஆட்களை நகர்த்துங்கள்.

என் கார்டில் எட்டு டிராக்கில் இரண்டுதான் நிரம்பியிருக்கிறது. அடுத்த மாசம் அந்த வரியைச் சரியாகப் பாடிடலாம் என்று மாமா சொல்லியிருக்கிறார். நாலு பேட்டரி புதுசாக வாங்கி வைத்திருக்கிறேன்.