பழுப்பு மலை, நீலக் கோடு

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என்று நான்கு பகுதிகள். பொதுத்தேர்வுக்கு அப்படிப் பிரித்துப் படிப்பதுதான் வசதி. ஆனால் நான்கும் தங்கள் ஊரைப் பற்றித்தான் பேசுகின்றன என்பது பல பிள்ளைகளுக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விடுகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் பாடம் நடத்துகிறவர் இதற்காக வேறெங்கும் தேடி அலைய வேண்டாம். முல்லைப்பெரியாறு அணை இருக்கிறது.

வரைபடத்தில்தான் தொடங்குவேன். வெற்றுத் தாளில் மேற்குத் தொடர்ச்சி மலையைப் பழுப்புப் பென்சிலால் வரைய வேண்டும். அடுத்து நீலத்தில் பெரியாறு. அது மேற்கே ஓடி அரபிக்கடலில் சேரும் ஆறு. கோடு கடலைத் தொட்டதும் ஏதாவது ஒரு கை உயரும்: “சார், அப்போ நம்ம வாய்க்கால்ல வர்ற தண்ணி எப்படி மலையத் தாண்டுது?” இந்தக் கேள்வி வரும்வரை நான் எதுவும் சொல்வதில்லை. வந்தபின், தேக்கடியில் மலையைக் குடைந்த சுரங்கத்தைப் பழுப்பின் மேலேயே நீலமாக இழுக்கிறோம். லோயர்கேம்ப்பில் இறங்கி, வைகையில் கலந்து, மதுரை, மேலூர் என்று கோடு நீள்கிறது.

மலையை ஏன் குடைந்தார்கள் என்பது வரலாறு. 1876–78இன் தாது வருஷப் பஞ்சம், 1886இல் திருவிதாங்கூரோடு போட்ட 999 ஆண்டுக் குத்தகை, 1895இல் முடிந்த அணை. அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்கைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் படம் இல்லாத ஊர் இங்கே அபூர்வம். அதனால் நான் குத்தகையில்தான் நேரம் எடுத்துக்கொள்வேன். பிரிட்டிஷாருக்குக் கட்டுப்பட்டிருந்த ஒரு மன்னர் “முடியாது” என்று சொல்லியிருக்க முடியுமா? வகுப்பு இங்கே சற்றுத் திணறும். நம் வயலுக்குத் தண்ணீர் தந்த ஒப்பந்தத்தையே இப்படிக் கேட்கலாமா என்ற தயக்கம் அது. கேட்கத்தான் வேண்டும்.

அடுத்து ஒரு எழுத்துவேலை. அணைக்குக் கீழே, கேரளத்தின் வண்டிப்பெரியாறில், உங்கள் வயதுப் பிள்ளை ஒன்று மழைக்கால இரவில் அணையைப் பற்றி என்ன நினைக்கும்? இந்தப் பக்கத்து நியாயம் எவ்வளவு வலுவானதோ அவ்வளவு வலுவாக அதையும் எழுத வேண்டும். முதலில் சிலர் முகம் சுளிப்பார்கள். ஒருமுறை ஒரு மாணவி மட்டும் உடனே எழுத ஆரம்பித்தாள். எப்படி என்று கேட்டேன். “எங்கம்மா அங்கதான் சார் ஏலத்தோட்டத்துக்குப் போகுது. அங்க உள்ளவங்க பயப்படுறத வந்து சொல்லும்” என்றாள். விடியுமுன் கம்பமெட்டு ஏறும் ஜீப்புகளில் போகிற ஆயிரமாயிரம் பெண்களின் கூலி பொருளியல் பாடத்தில் வரவேண்டியது. அன்றைக்கு அது அந்தப் பிள்ளையின் நோட்டில் இருந்தது.

இரண்டு நியாயத்தையும் வாசித்து முடித்தால் அடுத்த கேள்வி தானாக வரும்: “அப்போ யார் சார் முடிவு பண்றது?” குடிமையியல் அங்கேதான் தொடங்குகிறது. மாநிலங்களுக்கு இடையிலான வழக்கை நேரடியாக உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வழிசெய்யும் 131ஆம் பிரிவை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருப்பதில்லை. 1979க்குப் பின் 136 அடிக்கு இறக்கப்பட்ட அணையின் நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்தலாம் என்று 2006இல் தீர்ப்பு வந்தது. சில வாரங்களிலேயே கேரள சட்டமன்றம் அதைத் தடுக்கச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2014இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அது செல்லாது என்றது. நீதிமன்றம் தீர்த்த வழக்கைச் சட்டமன்றம் புரட்டிப்போட முடியாது என்பது அதற்குச் சொன்ன முக்கியமான காரணம்.

இவ்வளவு சொல்லிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்வேன். “சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போட்டது மக்கள். அஞ்சு பேரு எப்படி அதத் தள்ளலாம்?” என்று சென்ற ஆண்டு ஒருவன் மேசையைத் தட்டினான். கூடலூர்க்காரன், அப்பா இருபோக நெல் விவசாயி. கேரளத்துக்காக வாதாடுகிறோம் என்பதை அவன் கவனிக்கவே இல்லை. பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து அவனுக்குப் பதில் சொல்லத் தொடங்கினாள். நான் குறுக்கிடவில்லை.