குறையறி சோதனை

எங்கள் வீட்டுக் கணனி தானாக நின்று தானாக எழும்பத் தொடங்கியது 2021ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில். சித்திரை விடுமுறைக்குப் பின்னர் திறந்த பாடசாலைகளைக் கொரோனா மீண்டும் மூடவைத்த வாரம் அது. ஒன்பதாந் தரத்துப் பிள்ளைகளுக்குச் சமன்பாட்டுப் பாடத்தை வீடியோவாகப் பதிந்து அனுப்பலாமென்று உட்கார்ந்தேன். பத்து நிமிடமாவது ஆகியிருக்காது. திரை கறுத்தது. விசிறியின் இரைச்சல் ஓய்ந்தது. நான் பொத்தானைத் தேடிக் கையை நீட்டுவதற்குள் அதுவே மறுபடி இரைந்து, ஒன்றும் நடவாதது போல முதலிலிருந்து ஆரம்பித்தது. பாடம் போய்விட்டது.

அன்றைக்கு அப்படி மூன்று தரம்.

அது கடையில் வாங்கிய கணனி அல்ல. புதிய மடிக்கணனி வாங்க என் சம்பளம் இடந்தரவில்லை. அடுத்த வளவில் இருக்கும் என் தங்கச்சியின் மூத்த மகன்தான், "துண்டு துண்டா வாங்கித் தாங்க மாமா, நான் பொருத்தித் தாறன்" என்றான். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் இரண்டு முறையும் சித்தியடையாமல், டவுனில் ஒரு கைத்தொலைபேசி திருத்தும் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்த பிள்ளை. எட்டாந் தரத்திலும் ஒன்பதாந் தரத்திலும் அவனுக்குக் கணிதம் படிப்பித்தவன் நான்தான்.

தேவையான சாமான்களை ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு வந்தான். நான் அதைப் பார்த்துச் செலவைக் குறைக்கும் வழியில் சில திருத்தங்கள் செய்து கொடுத்தேன். பாவித்த தாய்ப்பலகையும் நான்காந் தலைமுறை ஐ5 செயலியும் நாலு ஜிபி ரெம் இரண்டும் கொழும்புக்குப் போய்வந்த ஒருவர் மூலம் பம்பலப்பிட்டியிலிருந்து வந்தன. வீடியோ வேலைக்கென்று பழைய கிராபிக்ஸ் கார்ட் ஒன்று நண்பர் தந்தார். ஒரு காரியாலயத்தில் கழித்துவிட்ட பெட்டியொன்றை நான் முன்னமே வாங்கி வைத்திருந்தேன். மார்ச் மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் முழுவதும் எங்கள் விறாந்தையில் குந்தியிருந்து அவன் அதைப் பொருத்தினான். திரையில் வெளிச்சம் வந்தபோது என் சின்ன மகள் கைதட்டினாள்.

அந்தக் கணனிதான் இப்போது இப்படிச் செய்தது. அவனைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்தான், மூடியைக் கழற்றினான், உள்ளே விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். விறாந்தையில் என்னோடு பாடசாலை நண்பர்கள் இருவர் இருந்தார்கள்.

"மாமா, பொருத்தினதில பிழை இல்ல. இது வந்து..." என்று தொடங்கினான்.

நான் விடவில்லை. மூன்று தரம் பாடம் அழிந்த எரிச்சல். "கணக்கில கோட்டை விட்டவன்ட கையில கணனியக் கொடுத்தா இப்படித்தான்" என்றேன். நண்பர்கள் சிரித்தார்கள். அவன் ஸ்குரூ டிரைவரைக் கதிரையின் மேல் வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டான். மூடியைக்கூடத் திருப்பிப் பூட்டவில்லை.

அவ்வருடம் நோன்புப் பெருநாள் ஊரடங்குக்குள் வந்தது. பாதைக்கு இறங்க முடியாதுதான். ஆனால் அவர்கள் வளவுக்கும் எங்கள் வளவுக்கும் இடையில் வேலியில் ஒரு கடப்பு இருக்கிறது. ஒவ்வொரு பெருநாளும் முதல் ஆளாக அதால் வந்து என் கையைப் பிடிப்பவன் அன்று வரவில்லை. தங்கச்சி மட்டும் வட்டிலப்பத்தோடு வந்தாள். "அவனுக்குத் தலையிடி காக்கா" என்றாள், என் முகத்தைப் பாராமல்.

பாதைகள் மூடியிருந்ததால் கணனியை எங்கும் கொண்டுபோகவும் வழியில்லை. நானே பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குக் குறையறி சோதனை என்று ஒன்றைப் படிப்பித்தார்கள். பிள்ளை ஒரு கணக்கைப் பிழையாகச் செய்தால் உடனே திரும்பப் படிப்பிக்கக் கூடாது. எந்தப் படியில் பிழைக்கிறான் என்று ஒவ்வொரு படியாகச் சோதித்து அறிய வேண்டும். அதற்குப் பிறகுதான் பரிகாரக் கற்பித்தல். அந்த முறையையே கணனிக்கும் வைத்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது; முடிவைக் கொப்பியில் எழுதுவது.

முதலில் கரண்டைச் சந்தேகித்தேன். எங்கள் பக்கம் இரவு ஏழு மணியானால் மின்குமிழ் மங்கும். ஆனால் கணனி நண்பகலிலும் நின்றது. அதே நேரத்தில் மேலே விசிறி குறையின்றிச் சுற்றிக்கொண்டிருந்தது.

அடுத்தது விண்டோஸ். அதற்குள் ஒரு ஏற்பாடு இருக்கிறது. பாரதூரமான பிழை வந்தால் நீலத் திரையில் காரணத்தைக் காட்டும். ஆனால் "தானாக மீளத் தொடங்கு" என்ற இடத்தில் சரி அடையாளம் இட்டிருந்தால், நாம் வாசிப்பதற்குள் திரை மறைந்துவிடும். அந்த அடையாளத்தை எடுத்துவிட்டேன். இனிமேல் நின்று காரணம் சொல்லும் என்று காத்திருந்தேன். நீலத் திரை வரவேயில்லை. கறுப்புத்தான் வந்தது. அதுவும் ஒரு விடைதான். விண்டோஸ் தீர்மானித்து நிறுத்தவில்லை. அதன் காலுக்குக் கீழே இருந்து யாரோ பலகையை இழுக்கிறார்கள். நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்தேன். கேர்னல் பவர் 41 என்று வரிசையாக இருந்தது. கணனி முறைப்படி நிறுத்தப்படாமல் மீண்டும் தொடங்கியது என்பதற்கு மேல் அந்த இலக்கம் பெரிதாக ஒன்றும் சொல்லாது. நம் வரவு இடாப்பில் பிள்ளை வரவில்லை என்று குறிப்பது போல. ஏன் வரவில்லை என்பது இடாப்பில் இராது.

மூன்றாவது சூடு. தூசியைத் துடைத்து, செயலிக்கு மேல் காய்ந்திருந்த பேஸ்டை வழித்துப் புதிதாகப் பூசினேன். வேலை கொடுத்துப் பார்த்தபோது வெப்பநிலை 62 பாகையில் நின்றது. அந்தச் செயலிக்கு ஆபத்து 100ஐ நெருங்கும்போதுதான். நான்காவது ரெம். இரண்டையும் கழற்றி, பொன்னிற முனைகளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். இரவு முழுவதும் மெம்டெஸ்ட் ஓடவிட்டேன். ஒரு பிழையும் இல்லை. ஐந்தாவது, பெட்டியின் முன்னாலுள்ள ரீசெட் பொத்தான். பழைய பெட்டிகளில் அது உள்ளே இறுகி நின்று தொல்லை தருவதுண்டு. அதன் கம்பியைத் தாய்ப்பலகையிலிருந்து பிடுங்கி விட்டேன். அப்போதும் நின்றது.

கொப்பியைத் திருப்பி வாசித்தபோது ஒன்று தெரிந்தது. எழுத்து வேலையில் அது நிற்பதில்லை. மெம்டெஸ்ட் இரவு முழுக்க ஓடியும் நிற்கவில்லை. வீடியோ பதியும்போது மட்டும், செயலியும் கிராபிக்ஸ் கார்டும் ஒன்றாகப் பாரம் சுமக்கும்போது மட்டும் நிற்கிறது. அப்படியானால் மின்வழங்கி, நாங்கள் பவர் சப்ளை என்பது.

பாடசாலையின் பல்மானி என்னிடம் இருந்தது. பவர் சப்ளையிலிருந்து வரும் நாலு முனைச் செருகியில் மஞ்சள் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் இடையில் 12 வோல்ற்று இருக்க வேண்டும். நூற்றுக்கு ஐந்து கூடிக் குறையலாம், அதாவது 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது. சும்மா இருக்கும்போது 11.8 காட்டியது. வீடியோவைத் தொடக்கினேன். 11.5, 11.3, 11.2. திரை கறுத்தது. எல்லாம் நலம் என்று பவர் சப்ளை தாய்ப்பலகைக்கு ஒரு சாம்பல் நிறக் கம்பியால் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். அழுத்தம் விழுந்தால் அந்தச் சொல் நின்றுவிடும். உடனே தாய்ப்பலகை வேலையைக் கைவிட்டு முதலிலிருந்து தொடங்கும். எங்கள் கணனி செய்தது அதைத்தான்.

பவர் சப்ளையைத் திறக்கக் கூடாது. செருகியைப் பிடுங்கிய பின்னும் உள்ளேயிருக்கும் கொள்ளளவிகளில் உயிருக்கு ஆபத்தான மின் தங்கியிருக்கும். அதன் வெளிப்பக்கத்துத் துண்டை மட்டும் வாசித்தேன். பெரிய எழுத்தில் 500 வாற்று என்று இருந்தது. கீழே சிறிய எழுத்தில் 12 வோல்ற்றுக்கு 14 அம்பியர் என்று இருந்தது. இந்தக் காலத்துச் செயலியும் கிராபிக்ஸ் கார்டும் உண்பது அந்த 12 வோல்ற்றிலிருந்துதான். பழைய காலத்துப் பவர் சப்ளைகள் 5 வோல்ற்றுக்குத்தான் அதிகம் ஒதுக்கும்.

திருகாணி எடுப்பதற்காகத் தாய்ப்பலகை வந்த அட்டைப்பெட்டியைத் திறந்தபோது அடியில் ஒரு கொப்பித் தாள் மடிந்து கிடந்தது. அவன் எழுதிய பட்டியல்.

ஆறாவது வரியில் எழுதியிருந்தான்: "பவர் சப்பிளை புதிசு வாங்கனும். பெட்டியில் உள்ளது போதாது." அதற்குக் கீழே, சிறிதாக ஒரு கணக்கு. 12 × 14 = 168. செயலி 84, கார்ட் 75, மொத்தம் 159. "மிச்சம் 9. டிஸ்க், பேன் இருக்கு. பழசும்."

அந்த வரியின் குறுக்கே சிவப்புக் கோடு. பக்கத்தில் "தேவையில்லை" என்று என் கையெழுத்து. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சப்பிளை என்பதைச் சப்ளை என்று திருத்தியிருந்தேன். வாங்கனும் என்பதில் னகரத்தை வட்டமிட்டு ணகரம் போட்டிருந்தேன். எழுத்துப் பிழைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தவன் கணக்கைப் பார்க்கவில்லை. கணிதத்தில் இரண்டு முறை தவறிய பிள்ளை செய்த கணக்கு. ஒரு பிழையும் இல்லை. சரி போடவுமில்லை நான்.

அந்தத் தாளோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு பழைய பெட்டிக்காக ஐந்து படிகளில் சோதனை செய்தேன். இரண்டு வருடம் என் வகுப்பில் இருந்த பிள்ளைக்கு ஒரு நாளும் அதைச் செய்யவில்லை. அவன் கொப்பியில் பிழை போட்டதுதான் நினைவிருக்கிறது. எந்தப் படியில் தவறினான் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

கடப்பால் போனேன். "மருமகன்" என்று வாசலில் நின்று கூப்பிட்டேன். வந்தான். தாளை நீட்டினேன்.

"நீ போட்ட கணக்குச் சரி. நான்தான் வெட்டின. பிழை என்ட. ஆக்களுக்கு முன்னால சொன்னத்துக்கு மன்னிச்சிக்க" என்றேன். குசினிக்குள் தேங்காய் துருவும் சத்தம் நின்றுவிட்டது.

அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இத இன்னும் வெச்சிரிக்கிங்களா மாமா?" என்றான். பிறகு, "அண்டைக்கு இதத்தான் சொல்ல வந்த. நீங்க உடல்ல" என்றான். குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

உள்ளே போய்த் தன் கணனியின் பவர் சப்ளையைக் கழற்றிக்கொண்டு வந்தான். இரண்டையும் என் கைகளில் தந்து, பாரத்தைப் பார்க்கச் சொன்னான். என்னுடையது வெறும் தகரப்பேணி போல இருந்தது. அவனுடையதைப் பொருத்தி இரண்டு மணித்தியாலம் வீடியோ ஓடவிட்டோம். நிற்கவில்லை. ஜூன் மாதக் கடைசியில் பாதை திறந்ததும் புதிதாக ஒன்று வாங்கினேன். அதன் பிறகு அந்தக் கணனி ஒரு நாளும் தானாக நின்றதில்லை.

ஆட்களுக்கு முன்னால் சொன்னதை வேலிக்குள் திருப்பிச் சொன்னால் கணக்குச் சரிவராது. அதே நண்பர்கள் இருவரும் வந்த ஒரு நாளில் அவனையும் விறாந்தையில் இருத்திக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். தாளையும் காட்டினேன். ஒருவர், "மருமகனிடம் மன்னிப்புக் கேட்ட மாமாவை இப்பதான் பார்க்கிறன்" என்று சிரித்தார். மற்றவர் சிரிக்கவில்லை. தாளை நீண்ட நேரம் பார்த்துவிட்டு மடித்துத் தந்தார். அவரும் என்னோடு கலாசாலையில் படித்தவர்தான்.

இதை வாசிக்கும் ஆசிரிய நண்பர்கள் சிவப்புப் பேனாவைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நானும் கைவிடவில்லை. 2023ஆம் ஆண்டில் எங்கள் பாடசாலையில் செத்துக் கிடந்த மூன்று கணனிகளைப் பார்க்க அதிபரின் அனுமதியோடு அவனை அழைத்துப் போனேன். பார்த்துவிட்டு ஒரு பட்டியல் எழுதி என்னிடம் தந்தான். பேனா சட்டைப்பையில்தான் இருந்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். இரண்டு இடத்தில் ஏன் என்று கேட்டேன். காரணம் சொன்னான். ஒரு வரியும் வெட்டாமல் கீழே ஒப்பமிட்டேன்.

பிறகுதான் பேனாவை எடுத்து, "சப்பிளை" என்பதைத் திருத்தினேன். அவன் பார்த்துச் சிரித்தான்.