ஆறாவது எண்

நாங்கள் நாலு பேர். ஓ.எல். எழுதி, மற்றப் பாடமெல்லாம் தப்பி, கணக்கில மட்டும் கோட்டை விட்ட கூட்டம். திரும்ப எடுக்கப் போனபோது, படிப்பித்த சேர் எங்களின் ஐந்து மாதிரிப் பேப்பரைத் திருத்திப்போட்டு, "உங்களுக்குக் கணக்கு ஏறாது பிள்ளையள், வேற ஏதும் பாருங்கோ" என்றார். கோவத்தில் இல்லை, அக்கறையில்தான் சொன்னார். அதுதான் கூடச் சுட்டது. எங்களில் ஒருத்தி இனி விண்ணப்பமே போடமாட்டன் என்று நின்றாள்.

அந்தக் கிழமைதான் நூலகத்துப் பழைய புத்தகம் ஒன்றில் 4294967297 என்ற எண்ணைச் சந்தித்தோம்.

2இன் 1, 2, 4, 8, 16ஆம் வலுக்களோடு ஒன்றைக் கூட்டிப் பாருங்கள். 3, 5, 17, 257, 65537 வரும். ஐந்தும் முதன்மை எண்கள். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் இருந்த பெர்மா, இந்த வரிசையில் வரும் எல்லாமே முதன்மை எண்கள்தான் என்று நம்பினார். நிறுவல் அவர் கையில் இல்லை. ஆறாவது எண்தான் 2இன் 32ஆம் வலுவோடு ஒன்று கூட்டிய 4294967297. 1732இல் ஒயிலர் அதை 641 ஆல் பிரித்துக் காட்டினார். மீதி இல்லை.

சும்மா பிரித்துத் தேடினால் 65536 வரைக்கும் 6542 முதன்மை எண்களைச் சோதிக்க வேண்டும். ஆனால் இதற்குக் காரணி இருந்தால் அது 64இன் மடங்கோடு ஒன்று கூட்டிய எண்ணாகத்தான் இருக்கும் என்று ஒயிலரே பிறகு நிறுவினார். அப்படிப் பார்த்தால் 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தாவது முயற்சியிலேயே அகப்படும்!

எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. அன்றைக்குக் கரண்டும் இல்லை, போனிலும் சார்ஜ் இல்லை. கொப்பியை விரித்து நெடும் பிரித்தல் செய்தோம். விடை 67417. திருப்பிப் பெருக்கினால் 43214297. பத்து இலக்கம் வரவேண்டிய இடத்தில் எட்டுத்தான் வந்தது. "புத்தகம் பிழை" என்று மூன்று பேர் மூடப்போனோம்.

விண்ணப்பம் போடமாட்டன் என்றவள்தான் கொப்பியை இழுத்தெடுத்தாள். "மீதி 2 வந்த இடத்தில 6ஐ இறக்கினா 26. அதுக்குள்ள 641 போகாது. அப்ப ஒரு பூச்சியம். அடுத்து 267, அதுக்கும் போகாது, இன்னொரு பூச்சியம். ரெண்டையும் நாங்க விழுங்கிட்டம்." 6700417. பெருக்கிப் பார்த்தோம். அச்சொட்டாக 4294967297.

பெர்மா முட்டாள் இல்லை. எங்கட சேரும் கெட்ட மனிசன் இல்லை. இரண்டு பேரும் ஐந்தைப் பார்த்து ஆறாவதைச் சொன்னவர்கள், அவ்வளவுதான். இதில் எங்களுக்கு வசதியில்லாத ஒரு உண்மையும் உண்டு: பெர்மாவின் வரிசையில் 65537க்குப் பிறகு இன்றுவரை ஒரு முதன்மை எண்ணும் அகப்படவில்லை. ஆறாவது எப்பவும் நல்லதாகத்தான் இருக்கும் என்று யாரும் உறுதி தரமுடியாது. பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

அவள் விண்ணப்பம் போட்டாள். நாலு பேரில் மூன்று பேர் தப்பினோம், அவளும் சேர்த்து. மற்றவன் இந்த டிசம்பரில் திரும்ப எடுக்கிறான். கொப்பி இப்ப அவனிட்டத்தான் இருக்கு.