முதல் யானையைப் பிடித்தவன்

ஒரு வினையைச் செய்யும்பொழுதே அதனைக் கொண்டு மற்றொரு வினையையும் முடித்துக்கொள்ளல் வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. வினைசெயல்வகை என்னும் அதிகாரத்திலே, மதயானையைக் கொண்டு இன்னொரு யானையைப் பிடிப்பதை இதற்கு உவமையாக்கினார் அவர். இக்குறளை நான் வகுப்பிலே நடத்தியபோது மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், யானையைக் கொண்டு யானையைப் பிடிக்கலாம். அந்த முதல் யானையைப் பிடித்தது எப்படி?" என்று வினவினான். நல்ல வினா. இதற்கு விடை உரைநூல்களில் இல்லை, காட்டிலேதான் இருக்கிறது.

பழந்தமிழர் யானையைக் குழியில் வீழ்த்திப் பிடித்தனர். அக்குழியைப் பயம்பு என்றும் கொப்பம் என்றும் வழங்கினர். குழியிலே வீழ்ந்த களிறு கரையைக் குத்தித் தகர்த்து வெளியேறிப் பிடியைச் சேர்வதைப் பட்டினப்பாலை பாடிய புலவர், பகைவர் சிறையினின்றும் மீண்ட கரிகாலனுக்கு உவமை கூறுகிறார். இலங்கையிலோ பெரும் மரங்களை நட்டுப் பட்டி அமைத்து, ஆரவாரத்துடன் யானைக் கூட்டத்தை அதனுள்ளே துரத்திப் பிடிக்கும் முறை நெடுங்காலம் நிலவியது. 1950ஆம் ஆண்டிலே பனாமுறையில் நடந்ததே இறுதிப் பட்டி. அதிலே அகப்பட்ட ஆண் யானை ஒன்று அடங்க மறுத்தமையால் சுட்டுக் கொல்லப்பட்டது.

இவை பலர் கூடிச் செய்யும் தொழில்கள். இரண்டொருவர் தனித்து நின்று யானை பிடித்த விந்தையைக் காண விரும்புவோர் நெடுந்தூரம் செல்லவேண்டா. நமது கீழ்க்கரையிலே, மட்டக்களப்புக்கு வடமேற்கேயுள்ள ஏறாவூரில் வாழ்ந்த முஸ்லிம் பணிக்கர்களே அதில் வல்லவர்கள். இலங்கையின் குடியேற்றச் செயலாளராக விளங்கிய எமர்சன் டெனன்ற், 1859இல் வெளியான தம் நூலிலே பணிக்கர்களின் முறையை விரித்துரைக்கிறார்.

பணிக்கனிடம் துப்பாக்கி இல்லை; ஈட்டியும் இல்லை. மரைத்தோலிலோ எருமைத்தோலிலோ திரித்த வார்க்கயிறு ஒன்றே அவன் கருவி. ஒடிந்த சுள்ளியும் மிதிபட்ட புல்லும் அவனுக்கு வழிகாட்டும். ஓய்ந்து நிற்கும் யானை தன் காலை முன்னும் பின்னுமாக ஆட்டும் இயல்புடையது. இதனை அறிந்தவன் ஓசையின்றி அதன் பின்னே அணைந்து, ஆடும் பின்னங்காலிலே சுருக்கை மாட்டிவிடுவான். கயிற்றின் மறுமுனையை அருகேயுள்ள மரத்திலே பிணைக்கவேண்டும். அருகில் மரம் இல்லையெனில், ஒருவன் யானையின் முன்னே தோன்றிக் கூவி, அதன் சினத்தைத் தன்மேல் ஏற்றி, மரமுள்ள இடத்திற்கு அதனை இழுத்து வருவான். கட்டிய பின்னர் யானையைச் சூழத் தீயும் புகையும் இட்டு, பல நாட்கள் காத்திருந்து, சிறிது சிறிதாகப் பழக்குவர்.

வயற்காவலுக்குச் சென்ற உறவினருடன் நானும் பரணிலே விழித்திருந்த இரவுகள் உண்டு. இருளிலே யானை மரக்கிளை முறிக்கும் ஓசை கேட்டமட்டில் பேச்சு நின்றுவிடும். அத்தகைய விலங்கின் காலருகே ஒருவன் வெறுங்கையுடன் குனிந்து நின்றான் என்பதை நினைக்குந்தோறும் வியப்பு மிகுகிறது. முதல் யானையைப் பிடித்தவன் இத்தகையவனாகவே இருந்திருத்தல் வேண்டும் என்று மாணவனுக்கு விடை கூறினேன்.

இத்தொழில் மீண்டும் தழைக்கவேண்டும் என்பது என் கருத்தன்று. பிடிபட்ட யானைகள் சில புறத்தே நோய் எதுவும் தோன்றாமலே இறந்தன. நெஞ்சுடைந்து இறந்தன என்றே மக்கள் கூறினர். இதனையும் டெனன்ற் குறித்திருக்கிறார். யானையைக் காக்கும் சட்டமும் 1937இல் வந்தது. இன்று யானையைப் பிடித்து இடம் மாற்றும் வனசீவராசிகள் திணைக்களத்தார், தொலைவில் நின்று மயக்க ஊசி எய்கின்றனர். அது முறையே.

ஆயினும் இன்று வேறொரு முறையும் பரவியுள்ளது. கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து சவளக்கடைக்கு வருவோர் காணும் வயல்வெளிகளில், வெள்ளாமைக் காலத்திலே யானைகள் இறங்குகின்றன. ஓர் ஆண்டின் உழைப்பு ஓரிரவிலே அழியக் கண்ட உழவனின் துயரை நான் நன்கு அறிவேன். தீப்பந்தமும் யானைவெடியும் அவனுக்குப் போதாமற் போவதையும் அறிவேன். ஆனால் நாட்டின் பல பாகங்களிலே பூசணிக்காயினுள் வெடிமருந்தை மறைத்து வைப்போரும், மின்கம்பியை இரகசியமாக இழுத்து விடுவோரும் இருக்கின்றனர். 2023ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. யானைகளால் மாண்ட மனிதரும் 150க்கு மேற்பட்டனர்.

பணிக்கனின் கயிற்றிலே யானைக்குத் துன்பம் இருந்தது. பணிக்கனுக்கும் சாவு காத்திருந்தது. வெடியை வைத்தவனோ வீட்டிலே உறங்குகிறான். வாய் சிதைந்த யானை உண்ண இயலாமற் பல நாள் வருந்தி மடிகிறது. இருளிலே இழுத்த கம்பி யானையையும் அறியாது, அவ்வழியே வரும் அயலவன் பிள்ளையையும் அறியாது. யானை எந்தக் காற்றிலே நம்மை மோப்பம் பிடிக்கும், எந்த வழியே வரும், எப்பொழுது ஓயும் என்பதைப் பணிக்கன் கற்றான். கல்லாதவன் உயிருடன் திரும்பான். அவன் கயிறு நமக்கு வேண்டா, அக்கல்வி வேண்டும். யானை நடமாடும் வழியை அறிந்து வேலியிடுவதற்கும், அதன் பழைய தடத்தை அதற்கே விட்டுக்கொடுப்பதற்கும் அது உதவும். யானையை அறியாத அச்சமே வெடியையும் கம்பியையும் தேடுகிறது. யானையை அறிந்தவனோ அதனோடு வாழவும் வழி காண்பான்.