ஆம்னிக்கு ஷாக் அப்சார்பர் மாற்றினோம்

தோழர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். வன்கொடுமை, பஞ்சமி நிலம், இடஒதுக்கீடு என்று எழுதிக்கொண்டிருந்தவர்கள் கார் பாகங்களைப் பற்றி எழுதக் கிளம்பிவிட்டார்களே என்று. ஆமாம், கிளம்பிவிட்டோம். வழக்குக்குப் போகிறவர் எதில் போகிறார், எப்படி உட்கார்ந்து போகிறார், போய் இறங்கும்போது சாட்சி சொல்லும் நிலையில் இருக்கிறாரா என்பதும் நம் அரசியல்தான்.

பனித்திட்டில் நிற்கும் எங்கள் மாருதி ஆம்னி 2007-இல் பதிவான வண்டி. இரண்டு கை மாறி எங்களிடம் வந்தது. பத்துப் பேர் சீட்டு போட்டு வாங்கினோம்; ஆர்.சி. ஒருவர் பெயரில், சாவி எல்லோருக்கும் பொது. எட்டு சீட்டு, நடுவில் எதிரெதிராக உட்காரும் மாதிரி. பிரசவ வலி வந்தாலும் இதுதான், பறை ஏற்றிக்கொண்டு நிகழ்ச்சிக்குப் போனாலும் இதுதான், கோர்ட்டுக்குப் போனாலும் இதுதான். 2022-இல் பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போன நேரம் பார்த்து, அந்த ஏப்ரல் முதல் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஆக்கியிருந்தார்கள். பழைய வண்டியை ஒழித்தால் காற்று சுத்தமாகுமாம். ஆண்டுக்கு ஒரு புது கார் மாற்றுகிறவரின் புகை கணக்கில் வராது, அவர் விற்றுவிட்ட பழசை வாங்கி ஓட்டுகிற நம் புகைதான் கணக்கில் வரும்.

சரி, வண்டிக்கு வருவோம். ஒரு வருடமாகவே பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போட்டது. கிருமாம்பாக்கத்திலிருந்து தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாகப் புதுச்சேரி போய்ச் சேர்வதற்குள் பின்சீட்டில் இருப்பவர்கள் கம்பியைப் பிடித்தே கை வலி கண்டுவிடுவார்கள். கடலூர்ப் பக்கம் போனாலும் அதே கதை. ரெட்டிச்சாவடி வந்தால் தமிழ்நாடு, திரும்பினால் புதுச்சேரி என்று எல்லை மாறி மாறி வரும் பகுதி இது. சாலை போடும் கை மாறுவதைக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் இடுப்பு சொல்லிவிடும். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, அடுத்த சில நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்து பாகூர்ப் பக்கம் புகுந்தபோது, உணவுப் பொட்டலம் ஏற்றிக்கொண்டு பள்ளம் எது மேடு எது என்று தெரியாத தண்ணீரில் இந்த வண்டியை ஓட்டினோம். அதற்குப் பிறகுதான் ஆட்டம் அதிகமானது.

இன்னொன்றும் உண்டு. நாங்கள் போகிற பல ஊர்களில் தார்ச்சாலை ஊர்த்தெரு வரைக்கும் கனமாக வரும். காலனி திரும்பும் இடத்தில் மெலியும், கொஞ்ச தூரத்தில் ஜல்லியாகும், கடைசியில் மண்ணாகும். கேட்கலாம் என்றால் யாரிடம் கேட்பது? புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தக் காலம் 2011-இல் முடிந்தது. அதற்குப் பிறகு பத்தாண்டுக்கும் மேலாகத் தேர்தலே இல்லை. வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இருந்தால் அவர் வீட்டு வாசலிலாவது போய் நிற்கலாம்.

வேகத்தடைகளைச் சொல்லவே வேண்டாம். இந்திய சாலைக் காங்கிரசின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும், 25 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி நோகாமல் ஏறி இறங்க வேண்டும். நம் தெருக்களில் இருப்பவை வேகத்தடை அல்ல, திண்ணை.

ஆம்னியின் உடல்வாகும் இதற்குத் தோதானதல்ல. சக்கரம் 12 அங்குலம்தான். சின்னச் சக்கரம் பள்ளத்தில் ஆழமாக இறங்கும். ஓட்டுநரும் பக்கத்தில் இருப்பவரும் முன்சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசி சீட்டு பின் அச்சின் பக்கம். சக்கரம் வாங்கும் அடி இந்த இரண்டு இடத்துக்கும் நேராக வரும். இரண்டு அச்சுக்கும் நடுவில் உட்கார்ந்தால் பாதி அடி குறையும். அதனால்தான் நோயாளியையும் கர்ப்பிணியையும் எப்போதும் நடுவில் உட்கார வைக்கிறோம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை, எட்டு சீட்டு ஆம்னி வைத்திருக்கும் எல்லோரும் செய்யலாம்.

பட்டறையில் மெக்கானிக் அண்ணன் செய்த முதல் வேலை, வண்டியின் ஒவ்வொரு மூலையையும் உடம்பு பலத்தோடு கீழே அமுக்கிவிட்டது. நல்ல ஷாக்கு என்றால் வண்டி ஒரு தடவை மேலே வந்து அடங்கிவிடும். எங்கள் வண்டியின் பின் இடது மூலை தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. "ஷாக்கு செத்துப்போச்சுண்ணா. வெறும் பட்டையிலதான் ஓடிக்கிட்டு இருக்குது" என்றார். கீழே படுத்துப் பார்த்தால் ஷாக்கின் உடம்பெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, அதன்மேல் மண்.

இந்த இடத்தில் பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங், ஆம்னியின் பின்பக்கத்தில் பட்டை. ஷாக் அப்சார்பர் எடையைத் தாங்குவதில்லை. ஸ்பிரிங் அமுங்கி எழும்பி மறுபடி அமுங்கி என்று ஆடிக்கொண்டே இருக்குமே, அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் அதன் வேலை. குழாய்க்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் சிறு துளைகளுள்ள பிஸ்டன். பிஸ்டன் நகர வேண்டுமானால் எண்ணெய் அந்தத் துளைகளில் நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டும். அந்த நெருக்கடியில் ஆட்டம் சூடாக மாறி வெளியே போய்விடும். மோசமான சாலையில் ஓட்டி நிறுத்திய வண்டியின் ஷாக்கைத் தொட்டால் சுடுவது அதனால்தான். எண்ணெய் ஒழுகிவிட்டால் அது வெறும் கம்பி.

ஏன் ஒழுகியது? கடலோரம். உப்புக்காற்றில் ஷாக்கின் பளபளப்பான தண்டில் சின்னச் சின்னத் துருப்புள்ளிகள் விழும். ஒவ்வொரு தடவை உள்ளே போய் வரும்போதும் அந்தப் புள்ளிகள் எண்ணெய் சீலை அரம் மாதிரி ராவும். வீராம்பட்டினம் முதல் மூர்த்திக்குப்பம் வரை கடற்கரையோரம் வண்டி வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது கீழே குனிந்து பார்க்க வேண்டும். மேலே இருக்கும் ரப்பர் உறை கிழிந்திருந்தால் அதை மட்டும் மாற்றினாலே ஷாக்கு தப்பிக்கும்.

இது சொகுசுப் பிரச்சினை மட்டும் இல்லை. ஷாக்கு செத்த வண்டியின் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். துள்ளுகிற சக்கரத்துக்கு பிரேக் பிடிக்காது. டயர் ஓரங்களில் கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்திருந்தது, துள்ளியதற்குச் சாட்சி.

பட்டறையில் இருந்த இன்னொருவர், "பட்டை ஒண்ணு சேத்துப் போட்டுடுங்க, தூக்காது" என்றார். லோடு ஏற்றுகிற வண்டிக்கு அது சரி. ஆள் ஏறுகிற வண்டியில் பட்டை சேர்த்தால் இன்னும் விறைத்துக்கொள்ளும், தூக்குவது கூடும். வேண்டாம் என்றோம். மெக்கானிக் அண்ணனும் அதையே சொன்னார். பட்டைகளைக் கழற்றி, நடுவில் கட்டியிருந்த துருவை கம்பிப் பிரஷால் தேய்த்து, கிரீஸ் தடவிப் போட்டார். துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பட்டைகள் நழுவாது. நழுவாத பட்டை ஸ்பிரிங் அல்ல, மரக்கட்டை.

பாகம் வாங்கப் போன இடத்தில் ஒரு கதை. முதலில் போன கடையில் பாதி விலைக்குக் காட்டினார்கள். பெட்டி அச்சு அசலாக இருந்தது. தண்டைக் கையால் அமுக்கினால் எண்ணெயின் எதிர்ப்பே இல்லாமல் சரசரவென்று இறங்கியது, விட்டதும் பாதியில் நின்றது. வாங்காமல் வந்துவிட்டோம். வேறொரு கடையில் 1961 முதல் இந்தியாவில் ஷாக்கு செய்துவரும் கேப்ரியேலின் சரக்கை பில்லோடு எடுத்தோம். கேஸ் ஷாக்கு போடலாமா என்று எங்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. அதில் எண்ணெயோடு நைட்ரஜனும் அடைத்திருக்கும்; தொடர்ந்து குலுங்கும்போது எண்ணெய் நுரைக்காது, ஆனால் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். வயசானவர்கள் ஏறுகிற வண்டி என்பதால் கம்பெனி பொருத்தித் தரும் சாதாரண எண்ணெய் ஷாக்கே போதும் என்று முடிவானது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஒரு பக்கம் மட்டும் மாற்றக்கூடாது, ஜோடியாகத்தான். முன்பக்கத்து ஸ்ட்ரட்டில் சுருள் ஸ்பிரிங் இறுகி உட்கார்ந்திருக்கும். அதை அமுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இல்லாமல் கழற்றினால் ஆளைக் கொன்றுவிடும். கயிறு கட்டிக் கழற்றுகிறேன் என்று சொல்லும் பட்டறைக்கு வண்டியை விடாதீர்கள். ரப்பர் புஷ்களையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். பட்டையின் புஷ் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுதாக முறுக்கக்கூடாது. சக்கரம் தரையில் நின்று எடை இறங்கிய பிறகு முறுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். முன்பக்கம் கை வைத்தால் வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். எல்லாம் சேர்த்து, கூலியோடு, பத்தாயிரத்தைத் தொடவில்லை. டயர் காற்றையும் கதவோரம் ஒட்டியிருந்த அளவுக்கு இறக்கினோம். லோடு வண்டி மாதிரி அடித்து வைத்திருந்தார்கள்.

வண்டியும் சாதியும் என்று யோசிக்கும்போதெல்லாம் அம்பேத்கர் நினைவுக்கு வந்துவிடுகிறார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் குறிப்புகளில் அவர் எழுதியிருப்பது பெரும்பாலும் பயணங்களைத்தான். 1901-இல் சிறுவனாக, மசூர் ரயில் நிலையத்தில் இறங்கி அப்பாவைப் பார்க்கப் போகும்போது, மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் மாட்டு வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். இரட்டிப்பு வாடகை கொடுத்து, பிள்ளைகளே மாட்டை ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் கூடவே நடந்து வருவார் என்ற ஏற்பாட்டில்தான் வண்டி கிடைத்தது. 1929-இல் அவர் பாரிஸ்டர், பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினர். சாலிஸ்காவ் ரயிலடியில் அவரை மகர்வாடாவுக்கு அழைத்துப்போக எந்தக் குதிரை வண்டிக்காரரும் வரவில்லை. நம் மக்கள் வண்டியை மட்டும் வாடகைக்குப் பிடித்து, குதிரை ஓட்டியே பழகாத ஒருவரை உட்காரவைத்து அனுப்பினார்கள். ஓடைப் பாலத்தில் சக்கரம் கல்லிடுக்கில் சிக்கி அவர் தூக்கி எறியப்பட்டார். காலெலும்பு முறிந்தது. அந்த மக்கள் செய்தது அன்பினால், விருந்தாளியை நடக்கவிடக் கூடாதே என்று. எலும்பை முறித்தது, ஓட்ட வரமாட்டேன் என்ற சாதி.

சொந்த வண்டி, சொந்த ஓட்டுநர் என்பதை நாம் ஆடம்பரமாகப் பார்க்கத் தேவையில்லை என்று சொல்லத்தான் இதைச் சொன்னோம். 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி நத்தம் காலனியில் வீடுகளோடு வண்டிகளையும் கொளுத்தினார்கள். வண்டி என்ன செய்தது அவர்களை?

இப்போது விதி 11. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-இன்படி, பாதிக்கப்பட்டவரும் அவரைச் சார்ந்தவர்களும் சாட்சிகளும் விசாரணைக்கும் கோர்ட்டுக்கும் போய்வர இரண்டாம் வகுப்பு ரயில் கட்டணமோ, உண்மையாகச் செலவான பஸ், டாக்சிக் கட்டணமோ தர வேண்டும். பெண்கள், சிறுவர், அறுபது வயதைக் கடந்தவர், 40 விழுக்காடோ அதற்கு மேலோ ஊனமுற்றவர் ஆகியோர் தமக்கு வேண்டிய ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம், அவருக்கும் கட்டணம் உண்டு. பணம் உடனடியாக, தாமதித்தாலும் மூன்று நாளுக்குள். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் 15A பிரிவு இதைச் சட்டத்துக்குள்ளேயே உரிமையாகக் கொண்டுவந்துவிட்டது. நடைமுறையில்? மனுவை நீட்டினால் "டாக்சி பில் எங்கே?" என்கிறார்கள். சொந்த வண்டிக்கு ஏது பில்? விலா எலும்பு முறிந்த ஒருவரை, எழுந்து உட்கார முடியாத நிலையில், பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய் டிக்கெட் வாங்கி வரவா?

அவரைத்தான் ஷாக்கு மாற்றுவதற்கு முன் ஒரு வாய்தாவுக்கு அழைத்துப் போனோம். ஒவ்வொரு வேகத்தடைக்கும் கையை விலாவில் வைத்துப் பல்லைக் கடித்தார். கூண்டில் ஏறியபோது முகம் வெளிறி, எதிர்த்தரப்பு வக்கீல் கேட்ட கேள்வியை இரண்டு தடவை திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது. அடித்தவர்கள் ஏ.சி. காரில் வந்து இறங்கி, பளிச்சென்று நின்றிருந்தார்கள்.

மாற்றிய பிறகு அடுத்த வாய்தாவுக்கும் அதே வழி. ஆம்னி ஆம்னிதான், பென்ஸ் ஆகிவிடவில்லை. பள்ளத்தில் விழுந்தால் தட் என்று சத்தம் வரத்தான் செய்கிறது. ஆனால் விழுந்த பிறகு தொடர்ந்து மூன்று நான்கு தடவை தூக்கிப்போடுமே, அது இல்லை. தவளக்குப்பம் தாண்டியதும் அவர் கண் அயர்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த அவர் அம்மா, "இன்னாப்பா, ரோடு போட்டுட்டாங்களா?" என்று கேட்டார்.

பயணச் செலவுக்கு இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். தேதி, வழக்கு எண், வண்டியில் யார் யார், கிளம்பும்போதும் திரும்பும்போதும் மீட்டர் என்ன, பெட்ரோல் பில். விதி 11-ஐக் குறிப்பிட்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனித்தனி மனு, ஒப்புகைச் சீட்டோடு. பில் இல்லை என்று திருப்பினால் எழுத்தில் திருப்பச் சொல்கிறோம். இதுவரை மூன்று மனு கொடுத்திருக்கிறோம், ஒன்றுக்குப் பணம் வந்தது. மற்ற இரண்டும் நடந்துகொண்டிருக்கின்றன. இதே மாதிரி நோட்டு போட விரும்பும் தோழர்கள் வந்தால் மனுவின் மாதிரியைத் தருகிறோம். வண்டி வேண்டுமானாலும் சொல்லுங்கள், பெட்ரோல் மட்டும் போட்டுக்கொள்ள வேண்டும்.