மாட்டுங்காவில் இறங்குவோர்

மும்பையில் தாதருக்கு வடக்கே அடுத்த புறநகர் ரயில் நிலையம் மாட்டுங்கா. பெரும்பாலான விரைவு வண்டிகள் இங்கு நில்லா. ஸ்லோ வண்டியிலேயே வருதல் வேண்டும்.

1896-இல் பம்பாயைப் பிளேக் நோய் வாட்டிற்று. நெருக்கடியைத் தணிக்க 1898-இல் அமைந்த நகர அபிவிருத்தி டிரஸ்ட் வகுத்த தெருக்களே இங்கு நாம் காண்பவை. குடியேறிய தென்னாட்டார் 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவினர். 2017-இல், முழுதும் மகளிரே பணிபுரியும் நிலையம் என்னும் பெருமையை இந்திய ரயில்வேயில் முதன்முதலாக இந்நிலையம் எய்திற்று.

கிழக்கு வாயிலைக் கடந்தால் மல்லிகைச் சரமும் வாழையிலையும் அப்பளமும் நம்மை வரவேற்கின்றன. வறுத்தரைத்த காப்பிப்பொடியின் மணம் தெருவெங்கும் கமழ்கிறது. சற்று நடந்தால் ஆஸ்திக சமாஜத்துக் கோயில்.

வீட்டு விலையும் வாடகையும் ஏறியமையால் நம்மவரிற் பலர் முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் பெயர்ந்துவிட்டனர். எனினும் அதே இருப்புப்பாதை அவர்களை மீண்டும் இங்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. குடியிருந்த இடம் இன்று வந்து கூடும் இடமாயிற்று.

பூவும் பொடியும் இனி வீட்டு வாசலுக்கே வரலாம். கடையில் நின்று தமிழில் விலை பேசும் பழக்கம் அவ்வாறு வாராது. அடுத்த பண்டிகைக்குச் சாமான் வாங்கச் செல்கையில் குழந்தைகளையும் உடனழைத்துச் செல்வோமாக.